ரெண்டு வயசுப் பிள்ளையோடு செட்டிநாட்டுக் கேதத்துக்கு: சொந்தக் காரா, வாடகை வண்டியா, ரயிலா?

கேதம், அதாவது சாவுச் செய்தி சொல்லி வரும் போனை வைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எப்போ எடுக்கிறாங்க? பிள்ளைக்கு அங்கே செய்முறை ஏதும் இருக்கா? வண்டி, டிக்கெட், பணம் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு தாண்டியபின் போன் போட்டால், "சிங்கப்பூர்லேருந்து மகன் வரணும், நாளைக்குத்தான்" என்று பதில் வரும். ஐஸ் பெட்டி வந்தபிறகு ஒரு நாள் தள்ளிப்போவது சாதாரணமாகிவிட்டது. அப்படியானால் பிள்ளையை நள்ளிரவில் எழுப்பிக் கிளப்பியிருக்கவே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி பிள்ளையை அழைத்துப் போவதா என்பதையே தீர்மானிக்கும். போனவர் பிள்ளைக்கு ஐயாவோ (தாத்தா) அப்பத்தாவோ பூட்டனோ என்றால் நெய்ப்பந்தம் (நெய்யில் எரியும் சிறு தீப்பந்தம்) பிடிக்கப் பேரன் பேத்தி, பூட்டப்பிள்ளைகளைத் தேடுவார்கள். தவழ்கிற குழந்தையைக்கூட இடுப்பில் வைத்துக் கையில் பந்தத்தைத் தொட வைப்பார்கள். இந்த முறை உள்ள பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் பல வருடம் பேச்சு நிற்கும். பெரியப்பாவின் சம்பந்தி, தூரத்துப் பங்காளி என்றால் பிள்ளை வந்ததா என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஒருவர் மட்டும் போய் மாலை போட்டு வந்தால் முறை தீர்ந்தது. பிள்ளைக்குத் தாய்ப்பால் மறக்கவில்லை, வீட்டில் பார்க்க ஆளில்லை என்றால்தான் மறுபடி யோசிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்குக் கோடி (இறந்தவருக்குப் புதுத்துணி) போடும் முறை இருந்தால் நேரக்கணக்கு இன்னும் இறுகும். நீர்மாலை (உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவது), குளிப்பாட்டு எல்லாம் எடுப்பதற்கு முன்பே நடப்பவை. "நாலு மணிக்கு எடுக்கிறாங்க" என்றால் பிறந்த வீட்டுக் கோடி இரண்டு மணிக்காவது வாசலில் இருக்க வேண்டும். வெறுமனே முகம் பார்க்கப் போகிறவருக்கு மூன்றரை மணி போதும்.

மணிக்கணக்கு

சென்னையிலிருந்து காரைக்குடி சுமார் 415 கிலோமீட்டர். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் வழி. பெரியவர்கள் மட்டும் போனால் ஏழு மணி நேரத்தில் முடியும். ரெண்டு வயசுப் பிள்ளை இருந்தால் ஒன்பது என்று வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்கவிட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் பத்து நிமிடம் என்று நினைத்து அரை மணியில் முடியும். ஆக, காலை ஐந்துக்குச் செய்தி வந்து ஆறுக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குத்தான் காரைக்குடி. அங்கிருந்து ஊர் இன்னும் பதினைந்து, இருபது கிலோமீட்டர் உள்ளே இருக்கலாம். ஏழரைக்குக் கிளம்பினால் நாலு மணி எடுப்புக்குப் போய்ச் சேர மாட்டீர்கள். அதற்குப் பிறகு நூற்றி இருபதில் ஓட்டுவதைவிட, "எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று போன் செய்துவிட்டு நிதானமாகப் போவதே மேல்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் திண்டுக்கல், நத்தம், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழி இருக்கிறது. பெங்களூரிலிருந்து சேலம், நாமக்கல், திருச்சி. இரண்டு இடத்துக்கும் கார்தான் நடைமுறை. இதற்கு மேல் வரும் ஒப்பீடு சென்னையை வைத்துச் சொல்லப்படுகிறது. கணக்குப் போடும் விதம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

சொந்தக் கார்

பிள்ளையின் சீட் அதில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும், டயப்பர் எங்கே என்று தெரியும், பிள்ளைக்குப் பழகிய இடம். இதெல்லாம் பெரிய வசதி. 415 கிலோமீட்டருக்கு லிட்டருக்குப் பதினைந்து என்றால் ஒரு வழிக்கு 28 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி என்று வைத்தால் போக வர ஆறாயிரத்துக்குள். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பிறகு லெச்சுமணப்பட்டி, லெம்பலக்குடி என்று டோல்கேட் வரிசை உண்டு. பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

செலவு குறைவுதான். ஆனால் ஓட்டப்போவது யார்? அம்மாவையோ அண்ணனையோ இழந்தவர் ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது. அழுகையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் பிரேக்குக்குக் கால் போகும் நேரம் தள்ளிப்போகும். அவருக்கே அது தெரியாது. செய்தி இரவு பதினொன்றுக்கு வந்து நள்ளிரவில் கிளம்பினால், உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் உளுந்தூர்பேட்டைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருப்பீர்கள். சாலையோரம் பின்விளக்கில்லாமல் நிற்கும் லாரி அந்த நேரத்தில்தான் கண்ணில் படாது. திருச்சியோடு நான்குவழி முடிகிறது; அதன்பின் காரைக்குடி வரை பெரும்பகுதி இருவழிதான். எதிரே வருகிறவனின் ஹைபீமும் ஆடு மாடும் பழகாதவரைச் சோதிக்கும். நன்றாகத் தூங்கி எழுந்த, துக்கத்தில் நேரடியாக இல்லாத ஒருவர் (மருமகன், மைத்துனர், நண்பர்) ஓட்ட வருவாரானால், விடிகாலை நாலரைக்குக் கிளம்புவதாக இருந்தால், சொந்தக் கார் நல்ல தேர்வு. இல்லையென்றால் செலவைப் பார்க்காமல் டிரைவர் வையுங்கள்.

டிரைவரோடு வாடகை வண்டி

எங்கள் முதல் தேர்வு இதுதான்; ஆனால் ஒரு வழிக்கு மட்டும் பேசும் டிராப் டாக்ஸி வேண்டாம், போக வரச் சேர்த்துப் பேசிய வண்டி. காரணம் கணக்கில் இருக்கிறது. போக வரப் பேசினால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்குப் பணம் என்பது வழக்கமான நிபந்தனை. மூன்று நாள் வண்டியை வைத்திருந்தாலும் குறைந்தபட்சம் 750தான். நீங்கள் ஓடப்போவதோ 830க்கு மேல். அதாவது மூன்றாம் நாள் வரை கிலோமீட்டர் கட்டணம் ஏறாது, டிரைவர் பேட்டா மட்டும் கூடும். இரண்டு தனித்தனி டிராப் டாக்ஸியில் கிலோமீட்டர் விலை அதிகம். மொத்தத்தில் பெரிதாக மிச்சம் இருக்காது. காடாத்து (எரித்தபின் சுடுகாட்டில் செய்யும் சடங்கு) வரை இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குப் போக வர வண்டியே லாபம். கருமாதி வரை இருக்கப்போகிறவர்கள்தான் டிராப் பேச வேண்டும்.

பணத்தைவிட முக்கியம், இழவு வீட்டு வாசலில் ஏசி போட்ட வண்டி ஒன்று நிற்பது. பிள்ளை தூங்க, டயப்பர் மாற்ற, பால் குடிக்க, கூட்டத்திலிருந்து ஒதுங்க அதுதான் அறை. அதில் பிள்ளையோடு பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம்தானே" என்று பூட்டிவிட்டுப் போனால் மாசி, பங்குனி வெயிலில் அந்த ஐந்து நிமிடமே ஆபத்து.

வண்டி புக் பண்ணும்போது நான்கு விஷயம் கேளுங்கள். பின்சீட் பெல்ட்டின் பூட்டு வெளியே இருக்கிறதா? வாடகை வண்டிகளில் சீட் கவர் போட்டு அதை அடியில் அமுக்கிவிடுவார்கள். வீட்டு வாசலுக்கு வந்தபின் கவரைக் கழற்ற அரை மணி ஆகும். முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்து, சிஎன்ஜி வண்டியா? டிக்கியில் பாதியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், தள்ளுவண்டி வைக்க இடமிருக்காது. மூன்றாவது, டிரைவர் முந்தின இரவு எங்கே ஓட்டினார்? நேராகக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரவுப் பயணம் என்றால் இரண்டு டிரைவர் கேளுங்கள், கூடுதல் பேட்டாதான். கடைசியாக, அப்பா அம்மாவும் வருகிறார்கள் என்றால் டிசையர் போதாது. பின்சீட்டில் குழந்தை சீட் ஒன்று வைத்தால் மிச்சம் இரண்டு பேர்தான் சௌகரியமாக உட்கார முடியும். எர்டிகா, இன்னோவா எடுங்கள்; குழந்தை சீட்டை நடு வரிசையில், டிரைவருக்கு எதிர்ப்பக்கம், சாலையோரமாக இறங்கும் கதவருகே கட்டுங்கள்.

வாடகை வண்டியில் குழந்தை சீட்டை நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பெல்ட்டில் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தோள்வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் துணி மடிந்து சிக்கக் கூடாது. பிள்ளையின் எடை சீட்டில் போட்டிருக்கும் அளவுக்குள் இருக்கும்வரை பின்னோக்கிய நிலையிலேயே வைப்பது பாதுகாப்பு. ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை வைக்கவே கூடாது. மடியில் வைத்துக்கொள்வதை நாம் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். மோதலில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1000 ரூபாய் அபராதம் என்பதையும், "இந்த ஒரு நாள் மடியில வச்சுக்க" என்கிற பெரியவர்களிடம் சொல்லலாம். சட்டத்தைச் சொன்னால் வாக்குவாதம் சீக்கிரம் முடிகிறது.

ஆம்புலன்ஸின் பின்னால்

சென்னை ஆஸ்பத்திரியில் உயிர் போய், உடலைச் சொந்த ஊர் வீட்டுக்குக் கொண்டுபோவது செட்டிநாட்டுக் குடும்பங்களில் சகஜம். அப்போது வண்டிகள் வரிசையாக ஆம்புலன்ஸைத் தொடர்கின்றன. பிள்ளை உள்ள வண்டி அந்த வரிசையில் சேர வேண்டாம். ஆம்புலன்ஸ் நிற்காமல் போகும், நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். பிறகு பிடிக்கத் துரத்துவீர்கள். ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். ஆம்புலன்ஸ் உள்ளேயே பிள்ளையோடு ஏறுவது வேண்டவே வேண்டாம். பக்கவாட்டுப் பெஞ்சில் குழந்தையைக் கட்ட வழியில்லை.

ரயில்

எடுப்பது மறுநாள் என்று உறுதியாகத் தெரிந்தால் ரயில்தான் பிள்ளைக்குச் சுகம். நடக்கலாம், கழிப்பறை உண்டு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டும் இல்லை. பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் சென்னையில் கிளம்பி இரவு காரைக்குடியோடு முடிகிறது. திரும்பும்போது விடியற்காலையில் காரைக்குடியிலேயே புறப்படுகிறது. கடைசி நிறுத்தம் என்பதால் பிள்ளையையும் மூட்டையையும் பதறாமல் இறக்கலாம். ராமேசுவரம் போகும் இரவு ரயில்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே காரைக்குடியில் சில நிமிடம் மட்டும் நிற்கும்; தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க இரண்டு பெரியவர்கள் வேண்டும். எழும்பூரில் வேலை நடக்கும்போது சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் டிக்கெட்டில். தட்கல் முந்தின நாள்தான் திறக்கும்: ஏசிக்குக் காலை 10, மற்றதற்கு 11. அன்றைக்கே போக வேண்டியவருக்கு அது உதவாது. சார்ட் போட்டபின் மீதமுள்ள இடத்துக்குக் கரண்ட் புக்கிங் பார்க்கலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம். முன்பதிவில்லாத பெட்டியில் ரெண்டு வயசுப் பிள்ளையோடு ஏழு மணி நேரம் என்பது யாருக்கும் சொல்லக்கூடிய யோசனை இல்லை.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரயில் உங்களைக் காரைக்குடியில் விடும், கேத வீட்டில் விடாது. தேவகோட்டை ஊர் இருபது கிலோமீட்டர் தள்ளி. பொன்னமராவதிப் பக்கம் ரயிலே கிடையாது. ஆகவே ரயில் என்றால் ரயிலோடு காரைக்குடியில் நாள் வாடகைக்கு ஒரு வண்டி என்று சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஊரில் இருக்கும் பங்காளி வீட்டில் சொன்னால் ஏற்பாடு செய்துவிடுவார்கள். ஆனால் "வீட்டு வண்டி அனுப்புறோம்" என்றால் நாசூக்காக மறுத்துவிடுங்கள். அன்றைக்கு அந்த வண்டி பந்தல்காரருக்கும் பூவுக்கும் ஐயருக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

விமானமும் பஸ்ஸும்

விமானம் ஒரு நிலைமைக்கு மட்டும் பொருந்தும்: எடுக்கும் நேரம் நெருக்கம், உங்களுக்குக் கட்டாய முறை. சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம்தான். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் போகாமல் நேராகக் காரைக்குடிக்கு ஏறிவிடலாம், இரண்டு மணி நேரத்துக்குள். மதுரை விமான நிலையத்திலிருந்து சற்றுக் கூட ஆகும். வீட்டு வாசல் முதல் வாசல் வரை ஆறு மணி நேரம் என்று வையுங்கள். காரைவிட மூன்று மணி மிச்சம், அதுவும் அந்த நேரத்தில் விமானம் இருந்தால். இரண்டு வயது நிறையாத பிள்ளை மடியில் போகலாம், பிறந்த தேதிக்கான சான்று கேட்பார்கள். நிறைந்துவிட்டால் தனி டிக்கெட்.

பஸ் வேண்டாம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை போய்ச் சேருவதே ஒரு பயணம். படுக்கை பஸ்ஸில் கழிப்பறை இல்லை, நிறுத்தம் டிரைவர் இஷ்டம், பிள்ளையைக் கட்டிவைக்க எதுவும் இல்லை.

எதில் போனாலும் கூடப் போக வேண்டியவை

உடலை எடுக்கும்வரை கேத வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும், பிள்ளைக்கு இதமான பால் சோறு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் சாப்பாடு முழுக்கக் கையில் இருக்கட்டும்: நல்லெண்ணெய் தடவிய இட்லி முதல் வேளைக்கு, அப்புறம் வாழைப்பழம், வறுத்து அரைத்த சத்துமாவு, டெட்ரா பேக் பால், பிளாஸ்கில் வெந்நீர். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், காலையில் பிசைந்ததை மதியத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். டயப்பர் ஒரு நாளைக்கு எட்டு, அவசரத்துக்கு மூன்று. புதுக்கோட்டை அல்லது காரைக்குடி தாண்டினால் உங்கள் பிராண்டும் அளவும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு. பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டருக்குத்தான், அரை டம்ளரில் கொஞ்சம் தூவிக் கொடுப்பது தவறு.

வாந்தி வரும் என்று அவோமின் வகை மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதிலிருக்கும் ப்ரோமெதசின் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மூச்சையே அமுக்கக்கூடியது; கூடவே கூடாது. அதற்கு மேல் என்றாலும் டாக்டரைக் கேட்டபின். தூங்க வைக்கச் சளி மருந்து ஊற்றுவதும் இதே கணக்கு.

உடைகள் பருத்தியில். நெய்ப்பந்தம் பிடிக்கும் பிள்ளைக்கு இது அழகுக்கான யோசனை இல்லை. பாலியெஸ்டர் சட்டை நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பிள்ளையை இடது இடுப்பில் வைத்து, பந்தத்தைப் பெரியவர் வலது கையால் நீட்டிப் பிடித்து, பிள்ளையின் விரல் காம்பைத் தொட்டால் போதும். முறை நிறைவேறிவிடும்.

வேட்டும் மேளமும் எடுக்கும்போது உச்சத்தில் இருக்கும். பந்தம் முறை முடிந்த கையோடு பிள்ளையை வண்டிக்குள் கொண்டுபோய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். ஊர்வலத்தின் முன்பக்கம், வேட்டுப் போடும் இடத்துக்கருகே வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள். டிரைவரிடம் முதலிலேயே தெருவின் மறுமுனையைக் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் எடுத்து முடியும்வரை வண்டியை நகர்த்த முடியாது.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைக் கேதத்துக்காகத் திறந்திருப்பார்கள். தூசியும் வௌவால் நாற்றமும் சளிப்பிடித்த பிள்ளைக்கு ஆகாது. திண்ணை உயரம், வளவில் (வீட்டின் உள்கட்டு) நடுமுற்றத்துக்கு இறங்கும் படி, தண்ணீர் ஊற்றிய ஆத்தங்குடித் தரைக் கல்லின் வழுக்கல், பின்கட்டில் மூடாத கிணறு. கூட்டத்தில் "யாராவது பார்த்துக்குவாங்க" என்று பிள்ளையை விட்டால் யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். ஒரு மணிக்கொருமுறை ஆளை மாற்றுங்கள்.

திரும்புதல்

எடுத்தபின் குளித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது வழக்கம். எல்லாரும் குளிக்கும் கிணற்றடியில் பிள்ளைக்கு இடமும் வெந்நீரும் கிடைக்காது. காரைக்குடியில் ஒரு லாட்ஜ் அறையை அன்றைக்கு எடுத்து வைத்தால் குளியல், தூக்கம், சாப்பாடு மூன்றும் தீரும். காலையில் வந்து இறங்கியதும் அதை எடுத்துவிடுங்கள். மாலையில் தேடினால் வெளியூரிலிருந்து வந்த மற்ற உறவினர்களும் அதையேதான் தேடிக்கொண்டிருப்பார்கள். அன்றிரவே சென்னைக்குத் திரும்புவது, வந்த அதே டிரைவரோடு, பெரும் தவறு. அவர் பகல் முழுக்க வெயிலில் வண்டிக்குள் கண்ணயர முயன்றிருப்பார். மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கட்டாயம் காலையில். மாலையில் செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை நிற்கும் வரிசையில் பிள்ளையின் கடைசி டயப்பரும் தீர்ந்துவிடும்.